லமாரின் மூக்கும் மெர்வினின் ரிப்பனும்

எங்கள் பென்சில்வேனியா ஊரில் லமார் ஹோஸ்டெட்டருக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வேலை. ஆனால் அவருக்குப் பெருமை எல்லாம் மூக்கில்தான். தீயணைப்பு நிலையத்தின் கோடை விருந்தில் ரூட் பியர் போட்டிக்கு அவர்தான் நடுவர். பெயரில்தான் பியர், வேரையும் பட்டையையும் கொதிக்க வைத்து, வெல்லப்பாகும் ஈஸ்ட்டும் கலந்து வீட்டிலேயே பொங்க வைக்கிற சமாச்சாரம். போதை ஏறாது, ஏப்பம்தான் வரும்.

கோப்பைகளில் பெயர் இருக்காது. ஒவ்வொன்றாகக் குடித்து, ஊர் முன்னால் சத்தமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மனுஷருக்கு ஈவிரக்கமே கிடையாது. மனைவியின் அண்ணன் மெர்வினுடைய சரக்கை வருஷம் தவறாமல் "குதிரைக் காலுக்குத் தேய்க்கிற தைலம்" என்பார்.

இந்த வருஷம் சளி பிடித்து லமாரின் மூக்கு செத்துப்போனது. யாரிடமும் மூச்சு விடவில்லை. நடுவர் நாற்காலி போய்விட்டால் அவர் வெறும் டிரைவர்தானே! ஆனால் விருந்துக்கு முதல் நாள், ஸ்கங்க் என்கிற அந்த நாற்றப் பிராணி பஸ்ஸுக்கு அடியில் பீய்ச்சிவிட்டுப் போனது. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, இவர் உள்ளே நிம்மதியாக சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். அதை மெர்வின் பார்த்துவிட்டார்.

விருந்தன்று சமையலறையில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மெர்வின் வந்து, நான் காலையில் போட்டு ஆறிப்போயிருந்த காப்பியில் சர்க்கரையை அள்ளிக் கொட்டி, சோடாவை ஊற்றினார்.

"என்ன அக்கிரமம் இது, மெர்வின்?"

"சும்மா இரு, நோரா. இன்னிக்கு மாப்ளையோட சாயம் வெளுக்கப் போவுது."

லமார் அந்தக் கோப்பையைக் குடித்தார். கண்ணை மூடினார். நீளமாக ஏப்பம் விட்டார். பாவம், அவருக்கு மிஞ்சியிருந்த அளவுகோல் அது ஒன்றுதான்.

"அடடா! பட்டையோட கசப்பு முன்னாடி வருது, வெனிலா பின்னாடி மெதுவா வருது. இதுக்குத்தான்யா முதல் பரிசு! யாரு போட்டது?"

மெர்வின் எழுந்தார். "நான்தான். ஆனா மாப்ளே, அது..."

அதற்குள் மெர்வினின் மனைவி ஆர்லீன் பாய்ந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "எத்தனை வருஷமா இந்த மனுஷனைக் கேலி பண்ணீங்க! இப்பப் பாருங்க!" என்று ஓவென்று அழுதாள். யாரோ மெர்வின் சட்டையில் முதல் பரிசுக்கான நீல ரிப்பனைக் குத்தினார்கள். ஊரே கை தட்டியது.

"அது என்ன, மச்சான்?" என்றார் லமார். முகம் வெளுத்திருந்தது.

மெர்வின் ரிப்பனைத் தடவிப் பார்த்தார். "அது... எங்க பாட்டன் பக்குவம்."

எனக்கு வயிறு எரிந்தது. என் காப்பியை இந்த ஊரில் ஒருத்தரும் மெச்சியதில்லை.

மறுவாரம் சந்தையில் யாரோ, "லமாருக்கு மூக்கு போயிடுச்சாமே?" என்றார்கள். மெர்வின் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்கே போய்விட்டார்.

"எங்க மாப்ளையோட மூக்கைப் பத்தி எவனாவது பேசினா, அவன் மூக்கு இருக்காது!"