இடது பக்கம் உக்காராத பாடி

பொம்பளைங்க உள்ள போடுற பாடி தைக்கிற கம்பெனியில எனக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, கொக்கி வச்சுத் தைக்கிறது. இன்னொண்ணு, டம்மி. சின்ன சைஸுக்கெல்லாம் பிளாஸ்டிக்குல டம்மி வாங்கி வச்சிருக்காங்க. என் சைஸுக்கு எவனும் செய்யல போல. அதனால பெரிய சைஸ்ல புது சாம்பிள் போட்டா, துணி மாத்துற ரூமுக்கு என்னைக் கூப்பிட்டு மாட்டிப் பாப்பாங்க. புருஷன் போயி எவ்வளவோ காலமாச்சு. இந்த ஒடம்ப ஒருத்தர் உத்துப் பாக்குறது அந்த ரூம்ல மட்டுந்தான். அதுவும் அளவு டேப்ப வச்சுக்கிட்டு.

அளவு பாக்குறவ எங்க சூப்பர்வைசர். படிச்சு, வேலைக்கு வந்து, நிதானமா கல்யாணம் பண்ணி, அதைவிட நிதானமா முப்பத்தெட்டுல தலைச்சன் பிள்ளையப் பெத்தவ. அவளுக்கு நான் வச்ச பேரு ‘கடைசி பஸ்ஸு’. மூஞ்சிக்கு நேராவே கூப்பிடுவேன். முதுகுக்குப் பின்னாடி பேசுறதுல எனக்கு ருசி கிடையாது.

ஒருநாள் கம்பெனிக்கு டாக்டரம்மா வந்தாங்க. மெஷினையெல்லாம் நிறுத்திட்டு எல்லாரையும் தரையில உக்கார வச்சு மார்புப் புத்துநோயப் பத்திப் பேசுனாங்க. சின்ன வயசுல முதல் பிள்ளை பெத்து, பால் குடுத்தவங்களுக்கு அது வர்ற வாய்ப்புக் கொஞ்சம் கம்மியாம். முப்பத்தஞ்சுக்கு மேல முதல் பிள்ளை பெத்தவங்களுக்குக் கொஞ்சம் கூடவாம்.

நான் பதினெட்டுல ஆரம்பிச்சு இருபத்தாறுக்குள்ள நாலு பெத்தவ. நாலுக்கும் பால் குடுத்தேன். கடைக்குட்டி வாயத் தொறந்து “போதும்மா”ன்னு சொன்னப்புறந்தான் நிறுத்துனேன். விடுவேனா? எந்திரிச்சு நின்னு கையத் தட்டுனேன். “ஆனா பாருங்கம்மா...”ன்னு டாக்டரம்மா அடுத்ததச் சொல்ல ஆரம்பிச்சாங்க. நான் தட்டுன தட்டுல அது எங்க என் காதுல விழுந்துச்சு?

அன்னையிலேர்ந்து எனக்குத் தலைகால் புரியல. “கடைசி பஸ்ஸு, நீ போயி பாத்துக்க. எனக்கு அது வராது, நான் கெட்டி”ன்னு ஹால் பூரா கேக்குற மாதிரி சொல்லுவேன். அவ சிரிச்சுக்கிட்டே போயிருவா.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு சாம்பிள் வந்துச்சு. மாட்டுனேன். வலது கப்பு ஜம்முனு உக்காந்துச்சு. இடது கப்பு ஒரு ஓரமா சுருங்கிக்கிட்டு நிக்குது.

“எவடி தைச்சது? கை கோணலா, கண்ணு கோணலா?”ன்னு கத்துனேன். பாவம், புதுசா வேலைக்குச் சேந்த பொண்ணு. பிரிச்சுத் தைச்சா. உக்காரல. திரும்பப் பிரிச்சா. அப்பவும் அதே சுருக்கம். அவ கண்ணுல தண்ணி. கட்டிங் மாஸ்டர் வெளிய நின்னுக்கிட்டு, “நான் வெட்டுனதுல நூலளவு தப்பு கிடையாது!”ன்னு கதவத் தட்டுறாரு.

சூப்பர்வைசர் பாடியக் கழட்டி மேசையில விரிச்சு ரெண்டு கப்பையும் அளந்தா. ஒண்ணு போல இருந்துச்சு. அப்புறந்தான் திரும்பி என்னைப் பாத்தா.

“பெரியம்மா, கையத் தூக்குங்க.”

“எதுக்கு?”

“தூக்குங்கன்னா.”

தூக்குனேன். இடது பக்கம் தோலு குழியா உள்ள வாங்கிச்சு.

“வயசானா சுருங்கத்தாண்டி செய்யும்.”

“சுருங்குனா ரெண்டும்ல சுருங்கணும்?”

அங்க ஒரு கட்டி இருக்குறது எனக்கு முன்னாடியே தெரியும். வலிக்கல. வலிக்காததுக்கு எவ டாக்டர்கிட்ட போவா? அதுவும் நான்? இவ்வளவு பீத்திட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு அவ கூப்பிட்டதுக்கு, வர மாட்டேன்னுட்டேன்.

“சரி. கப்பு ஏன் உக்காரலைன்னு மாஸ்டர் கேக்குறாரு. போயி வெவரமா சொல்லிட்டு வரேன்.”

“அடிப்பாவி! அந்தாளு கிட்டயா? இருடி, சேலையக் கட்டிக்கிறேன்.”

ஆஸ்பத்திரியில அதே டாக்டரம்மா. என்னைப் பாத்ததும், “நீங்க கைதட்டுனவங்கதானே?”ன்னாங்க. ஊரு பூரா டாக்டர் இருக்கு, எனக்குன்னு பாத்து இவங்க. மார்ப ரெண்டு பலகைக்கு நடுவுல அமுக்கிப் படம் எடுத்தாங்க, ஊசி குத்தி சதை எடுத்தாங்க. முடிவு வந்துச்சு. அதேதான்.

“பதினெட்டுல பெத்தேனே!”ன்னேன், கடையில வாங்குன சாமான் கெட்டுப்போன மாதிரி.

“அது நல்லதுதாம்மா. ஆனா கம்மின்னா வரவே வராதுன்னு அர்த்தமில்ல. இப்ப உங்களுக்கு என்ன வயசு?”

“அறுவத்தேழு.”

“பெத்த வயசையே சொல்றீங்க, இந்த வயசச் சொல்லலையே. வயசு ஏற ஏறத்தான் இது அதிகமா வருது.”

வாயடைச்சுப் போச்சு. என்னைக் கட்டிக்கிட்டவராலயே முடியாத காரியம் அது.

வெளிய பெஞ்சுல உக்காந்தோம். “செத்துருவேனாடி?”ன்னு கேட்டேன்.

“தெரியல பெரியம்மா.”

“பொய்யாச்சும் சொல்லேண்டி.”

“நீங்க என்னைக்காச்சும் என்கிட்டப் பொய் சொல்லியிருக்கீங்களா?” அப்புறம் சொன்னா: “நீங்க ‘கடைசி பஸ்ஸு, கடைசி பஸ்ஸு’ன்னு சொல்லிச் சொல்லி, எனக்குத் தூக்கமே போச்சு. எதெது அறிகுறின்னு டாக்டர்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். வருஷம் தவறாமப் பாத்துட்டும் வரேன். எனக்கு ஒண்ணுமில்ல. உங்களத்தான் பயமுறுத்த ஆளில்லாமப் போச்சு.”

அவ கையப் பிடிச்சுக்கிட்டேன். திட்டுறதுக்கு ஒண்ணும் தோணல.

இடது பக்கத்த எடுத்துட்டாங்க. நாலு பிள்ளைக்குச் சோறு போட்டது, அதுக்கே போற காலம் வந்துருச்சு. அழுதேன். அழுது முடிச்சதும், “மிச்சம் ஒண்ணு என்னத்துக்கு, ஜோடியில்லாத செருப்பு மாதிரி?”ன்னு நர்ஸைக் கேட்டேன். அவ சிரிப்பு தாங்காம வாயப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிட்டா.

அக்குளுக்குப் பரவலையாம். தையல் பிரிக்கப் போன அன்னைக்கு டாக்டரம்மா மாத்திரை எழுதுனாங்க. தினம் ஒண்ணு போடணும்னாங்க.

“எம்புட்டு நாளைக்கு?”

“அஞ்சு வருஷத்துக்கு.”

சூப்பர்வைசரத் திரும்பிப் பாத்தேன். “கேட்டுக்கிட்டியாடி? அஞ்சு வருஷம்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. நீதான் சாட்சி. நடுவுல பேச்சு மாறுனாங்கன்னா சும்மா விடாத.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு. இவளுக்கு மட்டும் அழுகை.