அப்பா கழற்றியதை அம்மா பூட்டினார்

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு வீட்டிலிருந்து ஒருவர் எழுதவேண்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். தம்பி கட்டாரில் வேலையில் இருக்கிறான். குண்டசாலை வீட்டில் கடைசிவரை அம்மாவோடு இருந்தவள் நான் என்பதால் நான் எழுதுகிறேன். அழகாக எழுத இப்போது வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அம்மா கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். பிள்ளைகளில் கடைசி. அவர் சிறுமியாக இருந்தபோது மூத்த அண்ணன் குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். அதன்பின் அந்த அண்ணனை அம்மா பார்க்கவேயில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, கண்டியில் வாகன சீட் தைக்கும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பஸ், வேன், திரீவீலர் எல்லாவற்றுக்கும் ரெக்சின் வெட்டித் தைப்பார். பக்கத்து கராஜில் மெக்கானிக்காக இருந்தவர் எங்கள் அப்பா. இருவரும் தாங்களே பேசி முடிவெடுத்து, பிள்ளையார் கோவிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். அம்மாவின் வீட்டில் சில காலம் யாரும் பேசவில்லை. நான் பிறந்தபிறகு பேசினார்கள்.

குண்டசாலையில் வீடு கட்டி, முன்பக்கம் கொட்டகை போட்டு, அதிலேயே அப்பா கராஜும் அம்மா தையல் வேலையும் நடத்தினார்கள். எங்கள் படிப்பு, தம்பியின் வெளிநாட்டுப் பயணம் எல்லாம் அந்தக் கொட்டகையிலிருந்து வந்தவை.

உங்களில் பலர் பார்த்திருக்கும் அந்தக் காரை அப்பா கடுகண்ணாவையிலிருந்து கொண்டுவந்தார். அங்கே பழைய வாகனங்களை உடைத்து உதிரிப்பாகம் விற்கும் ஒரு முஸ்லிம் பெரியவர் இருக்கிறார். எங்களுக்கு அவர் நானா, அண்ணன் முறை. அவருடைய முற்றத்தில் கோழி அடைந்துகிடந்த ஒரு பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரை அப்பா பார்த்து ஆசைப்பட்டு லொறியில் ஏற்றி வந்துவிட்டார். நீண்ட மூக்கு, கூரை இல்லை, சைக்கிள் சக்கரம்போலக் கம்பி போட்ட சக்கரங்கள், இருவர் மட்டும் உட்காரும் இடம். அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “நம்ம நாலு பேரு இருக்கோம். இது ரெண்டு பேரு காரு” என்றார்.

“புள்ளைங்க பெருசாயிருச்சு. இனி நம்ம ரெண்டு பேருதானே” என்றார் அப்பா.

அப்பா காரை முழுவதுமாகக் கழற்றினார். துருப்பிடித்த தளத்தை வெட்டியெடுத்து, புதிய தகடு வைத்து வெல்டிங் செய்தார். இயந்திரத்தைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி சேர்த்து, மழை படக்கூடாது என்று வீட்டு ஹோலுக்குள் கொண்டுவந்து வைத்தார். சிறு சாமான்கள் பிஸ்கட் டின்களில் அலுமாரிக்குள் போயின. அலுமாரியில் இருந்த அம்மாவின் சேலைகள் கொடிக்கு வந்தன. அந்த நிலையில்தான் ஒருநாள் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் அப்பா மயங்கி விழுந்தார். வீட்டுக்கு உயிரோடு வரவில்லை.

அப்பாவின் கருமாதிக்கு வந்தவர்கள் ஹோலில் இயந்திரத்தைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். யாரோ அதன்மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். தேநீர்க் கோப்பைகளை அதன்மேல் வைத்தார்கள். 

கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து ஒருவர் காரை வாங்க வந்தார். எல்லாத் துண்டுகளையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

“திரும்பச் சேர்த்துப் பூட்டி ஓட்டப் போறீங்களா?” என்று அம்மா கேட்டார்.

“இல்லீங்க. துண்டு துண்டாத்தான் விக்கலாம். முழுசா யாரு பூட்டுறது?”

அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்று மாலை தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து தரையில் கொட்டினார். நான் வேலையிலிருந்து வந்தபோது திருகாணிகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“என்னாம்மா செய்றீங்க?”

“ஒங்கப்பா கழட்டும்போது பக்கத்துலதானே இருந்தேன். எது எங்க இருந்துச்சுன்னு பாதி ஞாபகம் இருக்கு. மீதிய பொருத்திப் பார்த்தா தெரியும்.”

அப்படித்தான் செய்தார். டிங்கரிங், பெயின்ட் வேலையை மட்டும் வெளியே கொடுத்தார். கரும்பச்சை நிறம் அம்மா தெரிந்தெடுத்தது. கதவுச் சட்டத்தின் உளுத்த மரத்தை, சீட்டுக்குத் துணி வெட்டுவதுபோல முதலில் அட்டையில் வரைந்து, தச்சரிடம் கொடுத்து மாற்றினார். எங்கேயும் கிடைக்காத சாமானுக்கு நானாவிடம் போவார். நானா தேடிப்பார்த்து, “இது இங்க இல்ல தங்கச்சி. வேற ஒண்டுல இருந்து எடுத்து அரத்தால ராவிப் பாப்பம்” என்பார். சிலவற்றைத் தம்பி கட்டாரிலிருந்து ஆள் பிடித்து அனுப்பினான்.

இயந்திரத்தைக் காருக்குள் இறக்கிய நாள் எங்கள் ஒழுங்கைத் தெருவில் எல்லாருக்கும் நினைவிருக்கும். கொட்டகை உத்தரத்தில் சங்கிலி கட்டி, ஆண்கள் பிடித்துக்கொள்ள, அம்மா கீழே படுத்து வழி சொன்னார். எல்லாம் முடிந்து கிளச்சை மிதித்துப் பார்த்தால் வேலை செய்யவில்லை. உள்ளே கிளச் தட்டைத் திருப்பிப் போட்டிருந்தார். மறுபடி எல்லாவற்றையும் வெளியே எடுக்கவேண்டும். எனக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

“தப்பாத் தச்சா பிரிச்சுத் தைக்கிறது இல்லையா? அது மாதிரிதான்” என்றார்.

அந்த வேலையின்போதுதான் மார்பில் கட்டி இருப்பதை என்னிடம் காட்டினார். கண்டி ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்தார்கள். அது நாடெங்கும் பெற்றோல் இல்லாமல் நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம். கார் வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. ஓடவிட்டுப் பார்க்க ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அம்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

போவதற்கு முதல் நாள், எங்கள் ஒழுங்கையில் திரீவீலர் ஓட்டும் இளைஞர் ஒரு போத்தல் பெற்றோலோடு வந்தார்.

“ஒங்க பொழப்புக்கு வச்சிருக்கிறது. எனக்கு எதுக்கு?” என்று அம்மா மறுத்தார்.

“நீங்க தச்ச சீட்டுலதான்க்கா வரிசையில படுத்துக் கெடந்தேன். ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க.”

இயந்திரம் முதலில் இருமியது. புகை வந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் அதிர, வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நிலையாக நின்றதும் நிறுத்திவிட்டு, “மிச்சத்த உறிஞ்சி எடுத்து இந்தத் தம்பிக்கே குடுத்துரு” என்று என்னிடம் சொன்னார். கொடுத்துவிட்டோம்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு வலது கையைத் தோளுக்குமேல் தூக்க முடியவில்லை. காரின் கன்வஸ் மூடியையும் இரண்டு சீட்டையும் அந்தக் கையோடுதான் தைத்தார். கொஞ்சம் தைப்பார், கொஞ்சம் படுப்பார். நான் செய்கிறேன் என்றால், “ஒனக்கு நேரா வராது” என்பார். அது உண்மை.

பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியபின், காரின் பத்திரங்களெல்லாம் சரியாகி, ஒரு ஞாயிறு காலை இருவரும் கடுகண்ணாவைக்குப் போனோம். அம்மாதான் ஓட்டினார். நானா வெளியே வந்து காரைத் தடவிப் பார்த்தார். “கோழிக்கூடுண்டு சொல்லித்தான் குடுத்தேன். அவரு உசிரோட ஈந்தா...” என்று தொடங்கியவர் உள்ளே போய் எங்களுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தார்.

வீட்டுக்குத் திரும்பாமல் மலைக் கணவாயில் கீழே இறங்கினோம். ஏறிவரும்போது சூடேறி ஆவி வந்தது. ஓரமாக நிறுத்தி இயந்திர மூடியைத் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். லொறிகள் போய்க்கொண்டிருந்தன. கீழே எங்கோ ரயில் சத்தம் கேட்டது.

“திரும்ப வந்துருச்சாம்” என்றார் அம்மா.

“எது?”

“அதுதான். ஈரலுக்குப் போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு.”

“எப்ப சொன்னாரு?”

“போன கிழமை.”

“ஏம்மா சொல்லல?”

“நீ அழுதுக்கிட்டு வந்தா நான் எப்படி ஓட்டுறது?”

நான் அழவில்லை.  அம்மா ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஆறிருச்சு. தண்ணிய ஊத்து. மெதுவா ஊத்து” என்றார். ஊற்றினேன். வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். அம்மா கொஞ்சம் சாப்பிட்டார்.

அதன்பின் சில மாதங்கள் இருந்தார். வலி கூடிய நாட்களில் மருந்துக்குத் தூங்கினார். விழித்தால் வழக்கமானதையே பேசினார்: கோப்பிக்குச் சீனி போதாது, மின்கட்டணம் கட்டியாயிற்றா, தம்பி சாப்பிடுகிறானா. ஒரு காலை நான் முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. துடைத்து முடித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குச் சொல்லப் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. தம்பி மறுநாள் வந்து சேர்ந்தான். அவன் அழுதான்.

இறுதி ஊர்வலத்தில் காரையும் கொண்டுவரவேண்டும் என்று சிலர் கேட்டீர்கள். நான் வேண்டாம் என்றேன். மனவருத்தத்தில் அப்படிச் சொன்னதாக எடுத்துக்கொண்டீர்கள். பேட்டரி இறங்கியிருந்தது. அதுதான் காரணம்.

அம்மாவை வார்டில் கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், கடுகண்ணாவையிலிருந்து வந்து வெயிலில் நின்று வழியனுப்பிய நானாவுக்கும், எங்களைக் காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய திரீவீலர் தம்பிக்கும், முப்பத்தொரு நாளும் வீட்டில் உலை வைக்கவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த ஒழுங்கைப் பெண்களுக்கும், தூரத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

காரை என்ன செய்யப்போகிறீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். இன்னும் முடிவெடுக்கவில்லை. சும்மா விட்டால் பழுதாகும் என்று என் தம்பி சொல்வதால் ஞாயிறு காலைகளில் இயந்திரத்தை ஓடவிட்டு, சூடாகும்வரை பக்கத்தில் நிற்கிறேன். நிற்கும்போது ஒன்றும் தோன்றுவதில்லை. பிறகு நிறுத்திவிட்டு உள்ளே வருகிறேன். சத்தம் அதிகம் என்பது தெரியும். பொறுத்துக்கொள்ளும் அயலவர்களுக்கும் நன்றி.