முழுக்க எடுத்துட்டேன்

மெட்ராஸ் பத்திரிகை கொடைக்கானலுக்கு ஒரு நாள் பழையதாகத்தான் வரும். மத்தியான பஸ்ஸிலிருந்து கட்டு இறங்கும்போதே அத்தான் குடையோடு அங்கே நின்றுகொண்டிருப்பார். மற்றவர்கள் தலைப்புச் செய்தியைப் பார்ப்பார்கள். அவர் நேரே பங்குவிலைப் பக்கத்துக்குப் போய்விடுவார். பனியில் மங்கிய கண்ணாடியை வேட்டித் தலைப்பால் துடைத்துத் துடைத்து, அந்தப் பொடி எழுத்துகளை நடந்துகொண்டே படித்தபடி வீடு வந்து சேர்வார். "நேத்து வெலையத் தெரிஞ்சுக்கிட்டு இன்னைக்கு என்ன செய்யப் போறீங்க? பழைய சோத்துக்கு எதுக்கு இந்தப் பறப்பு?" என்பாள் அக்கா. அவர் உதடுகள் எதையோ கூட்டிக்கொண்டிருக்கும்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அக்கா வீட்டில்தான் இருந்தேன். அத்தான், சீசனுக்கு வருகிறவர்களுக்குப் பங்களா பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டிடம் குமாஸ்தா. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்காவுக்கு இளைப்பு நோய். பழனி வெயிலில் வளர்ந்த உடம்பு அது. மலைக் குளிர் அவளுக்கு ஒரு நாளும் ஒத்துக்கொள்ளவில்லை. மார்கழி வந்தால் படுக்க முடியாது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியும்வரை மூச்சை இழுத்துக்கொண்டிருப்பாள். மலையை விட்டு இறக்குங்கள், வேறு மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இறங்குவதற்கு இடமும் இருந்தது. எனக்குப் படிப்பு, அக்காவுக்கு வீடு என்று பிரித்து வைத்துவிட்டுத்தான் அப்பா போயிருந்தார். பழனி அடிவாரத்துக்குப் பக்கத்தில் சின்ன மாடி வீடு. கீழே வாடகைக்கு விட்டு, மாடி அறையை அக்கா பூட்டியே வைத்திருந்தாள். அங்கே போய் வெயிலில் பாயைப் போட்டு உட்கார வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை எல்லாம். ஆனால் வேலையை விட்டால் சோற்றுக்கு என்ன வழி? பங்குகள் வழி காட்டும் என்று அத்தான் நம்பினார்.

மத்தியானப் பத்திரிகை வந்து, சாயங்காலம் ஆனால் எங்கள் முன்னறையில் சபை கூடிவிடும். அத்தான், மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், என் பள்ளித் தலைமை வாத்தியார் என மூன்றே பேர். சத்தத்தைக் கேட்டால் முப்பது பேர் என்று தோன்றும். கம்பவுண்டர் தேயிலைக் கட்சி, வாத்தியார் மில் கட்சி. "மனுசன் டீ குடிக்காமக் கூட இருந்துருவான், கம்பவுண்டரே. துணி உடுத்தாம இருப்பானா?" என்பார் வாத்தியார். "துணிய வருசத்துக்கு ஒருக்கா எடுப்பான். டீய நாளைக்கு நாலு தடவ குடிக்கான்ல?" என்பார் கம்பவுண்டர். அத்தான் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுக் கடைசியில், "மானேஜர் என்ன செய்றாருன்னு பாப்போம்" என்பார். அதோடு வாக்குவாதம் அடங்கிவிடும்.

மானேஜர் என்பவர் சென்னையில் ஒரு முதலீட்டுக் கம்பெனியை நடத்திவந்தவர். பலருடைய பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போட்டுப் பெருக்கித் தருவது அவர் தொழில். ஒவ்வொரு மே மாதமும் ஏரிக்கு மேலே இருந்த பங்களாவுக்குக் குடும்பத்தோடு வருவார். அந்தப் பங்களாவை அத்தான்தான் பார்த்துக்கொண்டார். சபைக்கு மானேஜர் என்றால் சாமி. அவருடைய சமையல்காரரிடம் வாத்தியார் பேச்சுக் கொடுப்பார். மானேஜருக்கு இரத்த அழுத்தம் பார்க்கப் போகும் கம்பவுண்டர் வந்து, "இன்னைக்குக் கொஞ்சம் ஏறிக் கெடக்கு, மார்க்கெட்டு எறங்கும்போல" என்று துப்புச் சொல்வார். மானேஜர் வாங்கியதாகக் கேள்விப்பட்டதைக் கொஞ்சமாக இவர்களும் வாங்குவார்கள். இரண்டு வருஷம் அது பலித்தது. மூன்று பேருக்கும் ஏதோ லாபம் வந்தது. பலிக்காமல் இருந்திருக்கலாம் என்று நான் எத்தனையோ முறை நினைத்ததுண்டு.

அடுத்த மே மாதம் ஒரு காலை, பங்களாவில் வெந்நீர்க் குழாய் சரியாக வருகிறதா என்று பார்க்கப் போன அத்தான், மானேஜர் காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, கோயமுத்தூர்ப் பக்கத்து மில் ஒன்றைப் பற்றி மெல்லக் கேட்டிருக்கிறார். "அதுவா? அதை நான் முழுக்க எடுத்துட்டேனே" என்று சொல்லிவிட்டு மானேஜர் பத்திரிகையைப் புரட்டினாராம். அத்தான் மழையில் குடையைக்கூட விரிக்காமல் ஓடி வந்தார். "முழுக்க எடுத்துட்டாராம்! கெடைச்சதை எல்லாம் எடுத்துட்டாராம்!" என்று வாசலிலிருந்தே கத்தினார். எங்கள் பக்கத்தில் தீபாவளிக்குச் சேலை எடுப்போம், கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்போம். எடுப்பது என்றால் வாங்குவதுதான். அன்று சாயங்காலம் சபையில் வாக்குவாதமே இல்லை. தேயிலைக் கட்சிக் கம்பவுண்டர்கூட வாயை மூடிக்கொண்டார்.

மற்ற இருவரும் கையில் இருந்ததைப் போட்டார்கள். அத்தான் வீட்டைப் போட்டார். "ஒரே வருசம். வீட்டையும் திருப்பி வாங்கிருவோம், இந்தச் சோலியையும் விட்டுருவேன். அடுத்த மார்கழிக்கு நீ இங்க இருக்கக் கூடாது" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பேராசை என்று அதை என்னால் சொல்ல முடியவில்லை. அவளுடைய மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவருக்குப் பொறுமை போய்விட்டது, அவ்வளவுதான். நான் வேண்டாம் என்றேன். சண்டையும் போட்டேன். வீடு அக்கா பெயரில் இருந்தது. அவளுக்குப் புருஷன் பேச்சுதான் பேச்சு. பழனிப் பத்திர ஆபீசில் கையெழுத்துப் போடும் முன் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "மாடி ரூமை மட்டும் நம்ம வச்சுக்க முடியாதாங்க?" அத்தான் சிரித்தார். "வீட்டை வித்துட்டு மாடிய மட்டும் எப்படி வச்சுக்கிறது, பைத்தியக்காரி!" அக்காவும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

ஐப்பசி மழையில் மில்லில் தகராறு என்று செய்தி வந்தது. பிறகு கடன்காரர்கள், பிறகு கதவடைப்பு. பங்கு விலை நாளுக்கு நாள் இறங்கியது. இறங்கியதையும் நாங்கள் ஒரு நாள் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். "மானேஜரே வச்சிருக்காரு, நமக்கென்ன?" என்று சபை தைரியம் சொல்லிக்கொண்டது. அவர் விற்காதவரை தானும் விற்பதில்லை என்று அத்தான் உட்கார்ந்திருந்தார். மே மாதம் வந்தபோது அந்தப் பங்குப் பத்திரங்கள் அடுப்பு பற்றவைக்கத்தான் ஆகும் என்ற நிலை. மானேஜர் வந்து இறங்கிய அன்றே அத்தான் வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு போனார். நடந்ததை எனக்குச் சொன்னவர் வாத்தியார்தான். மானேஜர் நல்ல மனுஷர், உட்காரச் சொல்லி, பதறிப்போய்க் கேட்டாராம்: "நான்தான் போன வருஷமே சொன்னேனே, முழுக்க எடுத்துட்டேன்னு? கணக்கு சரியில்லைன்னு தோணித்து, போட்டதை எல்லாம் வெளியே எடுத்துட்டேன். நீங்க ஏன் விக்கலை?" அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்து, "மறந்துட்டேன் சார்" என்றாராம்.

அக்காவிடம் அவரே வந்து சொன்னார். மறைக்கவில்லை, அதற்காக மட்டும் அவரை மதிக்கிறேன். அக்கா கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "போன மாசம் கம்பவுண்டர் எங் கடவாப்பல்ல எடுத்தாரே, அதையும் காசு குடுத்து வாங்கினாருன்னா நெனச்சீங்க?" சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, அவள் முதுகைத் தடவிக்கொண்டு அத்தான் விம்மி விம்மி அழுதார். ஒரு ஆண் அப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. அதன்பிறகு சபை கூடவில்லை. வாத்தியாரும் கம்பவுண்டரும் எதிரே வந்தால் அத்தான் வேறு சந்தில் திரும்பிவிடுவார். மத்தியான பஸ் வரும் நேரத்தில் மட்டும் அவருக்கு இருப்புக் கொள்ளாது. எதையாவது சாக்கிட்டுக் கொல்லைப் பக்கம் போய் விறகு பிளப்பார்.

இப்போது என் பக்கத்து வீட்டுப் பையன்கள் கைப்பேசியில் நிமிஷத்துக்கு நிமிஷம் விலை பார்க்கிறார்கள். பெரிய பண்டு மானேஜர் ஒருவர் டிவியில் எதையோ பாராட்டினால் அன்றே போய் வாங்கிவிட்டு, என்னிடம் வந்து பெருமையாகச் சொல்கிறார்கள். அவர் சொன்ன வார்த்தையை எனக்கு அப்படியே சொல்லுங்கடா என்று நான் நச்சரிப்பேன். கிழவிக்கு என்ன தெரியும் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இன்னொருவருடைய அறிவை நம்பிப் போகிறவன் அவருடைய வாயைத்தான் பார்க்கிறான். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று எவனுக்குத் தெரியும்?

அக்கா இன்னும் இரண்டு மார்கழி தாங்கினாள். மூன்றாவதில் போய்விட்டாள். அஸ்தியைச் சண்முகநதியில் கரைக்க நானும் அத்தானும் வெள்ளனே கிளம்பி பஸ்ஸில் மலை இறங்கினோம். அய்யர் மத்தியானத்துக்கு மேல்தான் ஆற்றுக்கு வர முடியும் என்றார். தைப்பூசக் கூட்டம், நிற்க இடமில்லை. அத்தான் முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். எங்கள் வீட்டு வாசலில் போய் நின்றார். அதை வாங்கியவர் யாத்திரிகர்களுக்கு அறை விடும் சத்திரமாக மாற்றி, ஆள் வைத்து நடத்திவந்தார். குளித்து உடை மாற்ற ஒரு பொழுதுக்கு மாடி அறை வேண்டும் என்று அத்தான் கேட்டார். அஸ்திக் கலயம் அவர் தோளில் தொங்கிய துணிப்பைக்குள் இருந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, ஆகாது என்று அவர் காதருகே சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாடி ரூம் இருக்குங்க. ஆளுக்கு இவ்வளவுன்னு வாடகை. எத்தனை பேரு?" என்று கேட்டார் சத்திரக்காரர்.

"மூணு பேரு" என்றார் அத்தான்.

சத்திரக்காரர் எங்களுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார். அத்தான் மூன்று பேருக்கும் வாடகையைக் கொடுத்துவிட்டு, பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு படியேறினார். அந்தக் குறுகிய படியில் சுவரோரமாக, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு ஏறினார்.