மேட்டுக் காம்பராவின் தண்ணீர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். பதின்மூன்றாவது மட்டும் தனியாக மேட்டில் இருந்தது. அதன் வாசலில்தான் ஒரே தண்ணீர்க் குழாய். நாங்கள் இருபத்தேழு படி ஏறிக் குடம் சுமந்தோம். அம்மாவுக்கு இடுப்பு வலி. நான் பதுளையில் வாத்தியார். அதுவும் கணக்குப் பாடம். கேட்கவா வேண்டும், திட்டம் போட்டுவிட்டேன்: குழாயைக் கீழே இறக்கிவிடலாம்.

மேட்டில் ஓர் அக்கா தனியாக இருந்தார். கொழுந்து பறிக்கும் மலையில் சறுக்கி விழுந்ததிலிருந்து அவருக்கு இடது முழங்கால் மடங்காது.

எந்தக் காரியமானாலும் கோயில் முன்னால் கூடி, காம்பராவுக்கு ஒரு கை தூக்கி முடிவு செய்வது எங்கள் வழக்கம். "பன்னிரண்டு வீட்டுக்கு லேசு, ஒரு வீட்டுக்குத்தான் கஷ்டம்" என்று விளக்கினேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அக்காவின் கையும்.

"எல்லாருக்கும் நல்லதுன்னா நான் ஒருத்தி மறிக்கலாமா தம்பி? எனக்கு ரெண்டு கொடந்தானே."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

குழாய் இறங்கிய வாரமே, காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது பார்த்தேன். அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். குடத்தை மேல்படியில் தூக்கி வைப்பார். கைகளை ஊன்றி, பின்பக்கமாக ஒரு படி நகர்ந்து உட்காருவார். மறுபடி குடம். கீழே வரிசையில் நின்றவர்கள் பார்க்காத மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஓடிப்போய்க் குடத்தை வாங்கினேன். "தெனமும் நானே கொண்டாந்து வைக்கிறேங்க்கா."

"வைப்பே. நீ இல்லாத அன்னைக்கு எவன் மொகத்தப் பாத்துட்டு நிக்கிறது? இத்தன வருசமா தண்ணிக்கு நான் யாரையும் கேட்டதில்ல தம்பி."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. கூட்டிக் கழித்தால் லாபம்தான். ஆனால் எல்லோரும் பங்கு போட்டுச் சுமந்த கஷ்டத்தை ஒருத்தி தலையில் கட்டிவிட்டு, அதற்கு நல்லது என்று பெயர் வைத்திருந்தோம்.

அடுத்த ஞாயிறு மறுபடி ஆட்களைக் கூட்டினேன். தப்பு என்னுடையது என்றேன். மேலேயும் ஒரு குழாய் வைக்கலாம், ஆனால் அதைத் திறந்தால் கீழே நூல் மாதிரிதான் வரும் என்பதையும் மறைக்கவில்லை. அம்மாதான் முதலில் கை தூக்கினார்.

இப்போது காலை வரிசையில் திடீரென்று தண்ணீர் மெலிந்துவிடும். அவசரத்தில் யாராவது முனகினால் பக்கத்தில் நிற்பவர் சொல்வார்: "அக்கா புடிக்கிறாங்க. இருங்க."