மாஸ்டரின் இடுப்பளவு

தையல்காரிக்கு எடை பார்க்கும் மெஷின் தேவையில்லை. ஒரு மனிதரின் பேண்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும், ஆள் ஏறியிருக்கிறாரா இறங்கியிருக்கிறாரா என்று சொல்லிவிடுவாள். செருப்பு தைக்கும் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே, ஒரு கதவு அகலத்தில் அவளுடைய ஆல்டரேஷன் கடை. பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவதும் இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பதும்தான் பிழைப்பு. "ஜனங்க எல்லாரும் ஒரே சைஸ்ல இருந்துட்டா நான் பட்டினிதான்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் கணவர் பேக்கரி மாஸ்டர். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் அவளும். பாகை ஒரு சொட்டு நாக்கில் வைத்து, ஒரு சிட்டிகை சர்க்கரை குறைச்சல் என்று சொல்லக்கூடிய மனிதர். நாக்கு வளர்ந்த அதே வேகத்தில் வயிறும் வளர்ந்தது. யாராவது கிண்டல் செய்தால், "இது வயிறு இல்லப்பா, கடைக்கு போர்டு" என்று தடவிக்கொடுப்பார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவருக்கு அவள், அவளுக்கு அவர், இரண்டு பேருக்கும் சேர்த்து அவருடைய தங்கை.

அந்தத் தங்கைக்குத்தான் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினோடு கட்டிப்போட்டது போலப் படுத்துக் கிடந்தாள். குடிக்கிற தண்ணீருக்குக்கூட அளவு. அண்ணன் யோசிக்கவே இல்லை, என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லாம் பொருந்தியது, உடம்பைத் தவிர.

"எடை அதிகம், சர்க்கரை கோட்டு மேல நிக்குது. இந்த உடம்புல நான் கத்தி வைக்க மாட்டேன்" என்றார் டாக்டர். "இனிப்பை விடுங்க. மாவு, சோறு, பிரெட், உருளைக்கிழங்கு எல்லாத்தையும் குறைங்க. எடை இறங்கட்டும், அப்புறம் பேசுவோம்."

மாவிலும் சர்க்கரையிலும் வாழ்கிற மனிதனிடம் சொல்கிற பேச்சா இது? ஆனால் மாஸ்டர் கேட்டார். முட்டை, மீன், கீரை, பீன்ஸ் என்று வீட்டில் சாப்பாடு மாறியது. சோறு ஒரு கைப்பிடியோடு நின்றது. டீயில் சர்க்கரை போனது. பேக்கரியில் க்ரீமை ருசி பார்த்தவுடன் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தார். "துப்பித் துப்பியே எனக்கு வாய் வறண்டு போச்சு" என்று அலுத்துக்கொண்டார், ஆனால் விடவில்லை. பேண்ட் இடுப்பை விட்டு நழுவ ஆரம்பித்தது.

அவள் பிடித்துத் தைத்தாள். பிடித்துத் தைத்தால் உள்ளே மிஞ்சுகிற துணியைக் கத்தரித்துவிடுவதுதான் முறை. மறுபடியும் பெருத்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் மட்டும், வெட்டாமல் மடித்து விடச் சொல்வார்கள், பிற்பாடு பிரித்துக்கொள்ளலாம் என்று. மாஸ்டர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே விட்டாள். ஒவ்வொரு தடவையும் விட்டாள். மடிப்பின் மேல் மடிப்பாகச் சேர்ந்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் நெளிய வேண்டியதாயிற்று.

"பின்னாடி தலையணை வெச்சு தெச்சுட்டியா?"

"இருக்கட்டும். நாளைக்கே பிரிக்க வேண்டி வந்தா?"

வர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. இதை யாரிடம் சொல்வாள்? எடை இறங்க இறங்க, அவர் ஆபரேஷன் மேஜைக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார். ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம் என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். அது மூளைக்குப் புரிந்தது, அடிவயிற்றுக்குப் புரியவில்லை. மயக்க மருந்து கொடுத்தவர் எழுந்திருக்காவிட்டால்? இருக்கிற ஒன்றும் பிற்பாடு கெட்டுப்போனால்? கடையில் ஊசி கோக்கும்போதும் அதே நினைப்பு. அதற்காக நாத்தனாரைச் சாக விடவும் மனம் வருமா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'அண்ணி, அண்ணி' என்று சுற்றியவள். தையல்காரி இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தாள்.

இன்னும் கொஞ்சம் இறங்கினால் போதும் என்ற நிலை வந்தபோது, அவள் கை தப்பு செய்தது. காலிபிளவர் சூப்பில் இரண்டு கரண்டி மைதாவைக் கரைத்து ஊற்றினாள். சூப் கெட்டியாக இருக்கட்டுமே என்று தனக்கே ஒரு சமாதானம். மறுநாள் ஒரு கரண்டி சர்க்கரையும் போட்டு, மறைக்க மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். அந்த வீட்டில்தான் சோறு ஒரு கைப்பிடியாச்சே, சூப்பில் மறைத்தாள். அதுவும் யாரிடம்? கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா? கிண்ணத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு, துடைத்த மேஜையையே மறுபடியும் துடைத்தாள்.

மாஸ்டர் ஒரு ஸ்பூன் குடித்தார். கொஞ்சம் நிறுத்தினார். பிறகு கிண்ணம் காலியாகும்வரை குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார்.

அன்றிலிருந்து தினமும் அதே சூப். வேறு பதார்த்தங்களிலும் மாவு ஏறியது. இடுப்பளவு அங்கேயே நின்றுவிட்டது. அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, தன்னைப் பார்த்தாலே அருவருப்பாகவும் இருந்தது. போன் அடித்தால் நாத்தனாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிப்போய் எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மாள் எடை மெஷினைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இறங்கிட்டு வந்தது ஏன் நின்னுச்சு? வீட்ல சொன்ன மாதிரிதான் சமைக்கிறீங்களா?" கேள்வி தையல்காரியைப் பார்த்து வந்தது.

"வீட்ல ஒரு தப்பும் இல்லைங்க" என்றார் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு. "கடையிலதான். க்ரீம் கொஞ்சம் உள்ள போயிடுது."

"அடுத்த மாசம் கடைசித் தடவை பார்ப்போம். அப்பவும் இறங்கலன்னா உங்களை விட்டுட்டு வேற ஆள்தான் தேடணும். உங்க தங்கச்சிக்கு அவ்வளவு நேரம் இருக்கான்னு நீங்களே யோசிங்க."

திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள். "நெஜமாவே க்ரீம் சாப்பிட்டீங்களா?"

"தொழில் அப்படி" என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நம்பினாள். பாவி நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று கொஞ்சம் ஆறுதல்கூடப் பட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் வந்தாள். முகம் வெளிறிக் கால் வீங்கியிருந்தாலும் வாய் மட்டும் இளைக்கவில்லை. "என்ன அண்ணா, கடை போர்டைக் கழட்டிட்டே?" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே மேஜையில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தனியாகச் சமைத்ததை எடுக்கத் தையல்காரி உள்ளே போனாள். திரும்பி வருவதற்குள், நாத்தனார் அண்ணனுடைய கிண்ணத்தில் ஸ்பூனை விட்டிருந்தாள்.

"ஒரே ஒரு வாய். தண்ணிக் கணக்குல எனக்கு இன்னும் மிச்சம் இருக்கு, பயப்படாதீங்க." குடித்தவள் புருவத்தைச் சுருக்கினாள். "அண்ணி, சூப் இனிக்குதே."

தையல்காரி தட்டோடு சமையலறை வாசலிலேயே நின்றாள்.

"காலிபிளவர் பிஞ்சா இருந்தா இனிக்கும்" என்றார் மாஸ்டர்.

"காலிபிளவர் இனிக்குமா? இப்பதான் கேள்விப்படறேன்" என்று சிரிக்க ஆரம்பித்தவள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள், அண்ணி முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஸ்பூனைத் துடைத்துக் கீழே வைத்தாள். அப்புறம் பஸ் நிலையத்தில் சில்லறைக்குச் சண்டை போட்டவனைப் பற்றி என்னென்னவோ பேசினாள்.

கிளம்பும்போது படிக்கட்டில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு இஷ்டமில்லைன்னா நேராவே சொல்லிடுங்க அண்ணி. நான் கோவிச்சுக்க மாட்டேன். நானும் உங்க இடத்துல இருந்தா பயப்படுவேன்." அவ்வளவுதான் சொன்னாள். ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கிப் போனாள்.

தையல்காரி திரும்பி வந்து கணவர் முன்னால் நின்றாள். "எப்பத்திலேருந்து தெரியும்?"

"மொத ஸ்பூன்லயே."

"அப்ப க்ரீம்?"

"ஒரு துளி தொடல."

"பின்ன ஏன் குடிச்சீங்க? ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கல?"

மாஸ்டர் சூப் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "மொதல்ல உனக்காகன்னுதான் நெனச்சேன்" என்றார். "அப்புறம்தான் தெரிஞ்சுது, எனக்கும் பயம். தங்கச்சிகிட்ட போய் மாட்டேன்னு எந்த வாயால சொல்றது? எடை மெஷினே சொல்லிடட்டும்னு குடிச்சேன். நீ ஊத்தினே, நான் குடிச்சேன். இதுல யாரு பெரிய திருடன்?"

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வாய் சூப்புக்கு அவ தண்ணிக் கணக்கு பார்க்கறா" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்தாள். மைதா டப்பாவைத் தெரு முனைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தாள். கொடியிலிருந்து அவருடைய பேண்ட்டை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பினாள். மாதக்கணக்கில் மடித்து மடித்து விட்டிருந்த துணி பின்பக்கம் கட்டியாக நின்றது. பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அதை வெட்டிட்டா அப்புறம் பிரிக்க முடியாதே?" என்றார் மாஸ்டர்.

"முடியாது."

தையலை ஒட்டி வெட்டினாள். இரண்டு இடத்தில் கோணலாகப் போனது. இத்தனை வருடத்தில் வாடிக்கையாளர் துணி ஒன்றைக்கூட அவள் அப்படி வெட்டியதில்லை. துண்டுகள் தரையில் விழுந்தன. அவர் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். உறுத்தவில்லை.

"பயமா இருக்கு" என்றார்.

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, அவள் ராத்திரி சூப்புக்குக் காலிபிளவர் நறுக்க உள்ளே போனாள்.