ஊர்வலத்துக்கு ஆகாத கேம் ஷாப்ட்

நான் ஒரு மனிதரின் வலது கையைக் கெடுத்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாகர்கோவிலில் வாடகைக் கார் ஓட்டிய காலத்தைப் பற்றி யாராவது கேட்டால் செம்மண் ரோடு, பெட்ரோல் டின், கொதிக்கும் ரேடியேட்டர் என்று வாய் ஓயாமல் அளப்பேன். அந்தக் கையைப் பற்றி மட்டும் பேசியதில்லை. இப்போது எழுதுகிறேன். எழுதுவதால் எதுவும் நேராகிவிடப் போவதில்லை.

அந்தக் கை, கோட்டாற்றில் மோட்டார்ப் பட்டறை வைத்திருந்த ஒருவருடையது. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நாங்கள் எல்லோரும் அவரைக் காக்கா என்று கூப்பிடுவோம். ஓடும் இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தே எந்த வால்வு சரியாக மூடவில்லை என்று சொல்லிவிடுவார். அந்தக் கையை நம்பித்தான் டிரைவர்கள் தோவாளையிலிருந்தும் குளச்சலிலிருந்தும் அவரிடம் வந்தார்கள்.

எனக்கு வந்த கிறுக்கு வேகக் கிறுக்கு. கொட்டாரத்துப் பக்கம் வயல் பார்க்க வேண்டியவன், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். சுசீந்திரம் தாண்டியதும் வயல் நடுவே நேராகக் கிடக்கும் ரோட்டில் புதுக் கார் ஒன்று என்னை முந்திப் போனது. என் வண்டியில் இருந்தவர்களே சிரித்தார்கள். சாதாரண விஷயம். எனக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

அந்த மாதமே இஞ்சினைப் பிரித்தோம். வால்வுகளைத் தூக்கி இறக்கும் கேம் ஷாப்ட் தண்டு தேய்ந்திருந்தது. கொழும்பில் இருந்த தன் உறவுக்காரர் மூலம் காக்கா இரண்டு தண்டுகளை வரவழைத்தார். ஒன்று பழையதைப் போலவே. மற்றொன்றில் வால்வைத் தூக்கும் மூக்குகள் பருத்து உயர்ந்திருந்தன. பந்தய வண்டியில் கிடந்ததாம். காக்கா ஒவ்வொரு மூக்கையும் அட்டையில் வைத்து வரைந்து, கத்தரித்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார். நூல் சுற்றியும் அளந்தார். நான் அளக்கவில்லை. எனக்குப் பார்த்த உடனேயே பெரிய மூக்கு பிடித்துப் போயிற்று.

"இது வேண்டாம் மக்கா," என்றார். "வால்வு ரொம்ப நேரம் தொறந்தே கெடக்கும். விரட்டுனா பறக்கும். மெல்ல விட்டா நின்னு போவும். நம்ம வண்டி கல்யாணத்துக்கும் போவணும்லா?"

அவர் சொன்னது எனக்குத் தெரியாததல்ல. நாஞ்சில் நாட்டில் வாடகைக் காருக்குப் பாதிப் பிழைப்பு மாப்பிள்ளை ஊர்வலம்தான். நாதஸ்வரம் முன்னால் போகும். தெருவில் தெரிந்த வீடு வந்தால் நிற்க வேண்டும், மாலை போடுவார்கள். நாலு தெருவைச் சுற்ற இரண்டு மணி நேரம் ஆகும். நடக்கிறவர்களுக்குப் பின்னால் கார் ஊர்ந்து வர வேண்டும்.

"ஊர்வலம் வருசத்துல எத்தன நாளு காக்கா? ரோடு தெனமும் கெடக்குல்லா?" என்றேன்.

"வண்டி உனக்குள்ளது," என்று சொல்லிவிட்டு அதையே மாட்டித் தந்தார்.

பத்து நாள் நான் ராஜா. அதே ரோட்டில் அந்தப் புதுக் காரை முந்தினேன், திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். ஆனால் வண்டி நிற்கும்போதெல்லாம் இஞ்சின் குலுங்கிக் குலுங்கி அணைந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பொறியை முந்தவும் பிந்தவும் வைக்கும் சிறிய லீவர் ஒன்று உண்டு. அதைக் கீழே இழுத்து வைத்தால் தீப்பொறி முந்தி விழும், இஞ்சின் ஓரளவு அணையாமல் ஓடும். ஆனால் இஞ்சினைக் கிளப்ப வண்டியின் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது அதை மேலே தள்ளியே ஆக வேண்டும். இல்லையென்றால் இஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்து, சுற்றுகிறவர் கை உடையும். டிரைவருக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே அதுதான். என் வண்டிக்கு செல்ப் ஸ்டார்ட்டர் கிடையாது.

வைகாசியில் ஒரு கல்யாணம் வந்தது. காக்காவை நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். "நீ தனியா சமாளிக்க மாட்ட," என்றார். மாலை வெயில் முகத்தில் அடித்தது. முதல் தெருவிலேயே மூன்று முறை அணைந்தது. மூன்று முறையும் நான் லீவரை மேலே தள்ள, காக்கா இறங்கிப் போய்ச் சுற்றினார். நாதஸ்வரக்காரர் பாதி வாசிப்பில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளையின் மாமா, "மாப்பிள்ளைய நடத்தியே கூட்டிட்டுப் போயிரலாம் போலுக்கே," என்றார். தெருவே சிரித்தது.

குளத்து மூலையில் நாலாவது முறை அணைந்தது. எனக்குக் காதெல்லாம் எரிந்தது. "சீக்கிரம் சுத்துங்க காக்கா," என்று கத்தினேன். ஓடும்போது இழுத்து வைத்த லீவர் இன்னும் கீழேயே இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

ஹேண்டில் உதைத்த சத்தம் கேட்டது. காக்கா கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் அப்படியே உட்கார்ந்தார்.

குனிந்து லீவரைப் பார்த்தேன். என்ன நடந்தது என்று அப்போதே புரிந்துவிட்டது. இறங்கி ஓடுவதற்கு முன் அதை மேலே தள்ளி வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. பதற்றத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பதற்றத்தில் செய்யவில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

அருகே போனபோது காக்கா எழுந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். லீவர் மேலே இருப்பதைக் கண்டார். "பெருவெரல மடக்கிப் பிடிச்சிட்டேன் போல மக்கா," என்றார். "எனக்கத் தப்புதான்."

ஹேண்டிலைப் பெருவிரலால் சுற்றிப் பிடிக்காமல், அதையும் மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அவர் ஒரு நாளும் அதில் தவறியவர் அல்ல. நான் வாயைத் திறக்கவில்லை.

அருமனைப் பக்கம் எலும்பு கட்டும் ஆசான் ஒருவரிடம் கூட்டிப் போனேன். எண்ணெய் வைத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. இரண்டு விரல்களில் உணர்ச்சி இல்லை. இஞ்சின்மேல் கையை வைத்தால் நடுக்கம் தெரிகிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்றார். பழையதைப் போன்ற அந்த இன்னொரு தண்டை மாட்டினோம். அவர் இடது கையால் காட்டக் காட்ட, நான் மாட்டினேன். வண்டி எவ்வளவு மெல்ல விட்டாலும் அணையாமல் ஓடியது. அதைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

ஒரு வருடத்தில் பட்டறையை மூடினார். பிறகும் தினமும் கார் ஸ்டாண்டுக்கு வருவார். புதிதாக வண்டி ஓட்ட வரும் ஒவ்வொருவரையும் நிறுத்தி, அந்தக் கோணல் கையைத் தூக்கிக் காட்டுவார். "பெருவெரல சேத்து வைக்கணும், கேட்டியா? நான் வைக்காததுனால வந்தது இது. வேணும்னா இவன்ட்ட கேளு, இவன் கூடத்தான் இருந்தான்."

அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். ஆமாம் என்று நான் தலையாட்டுவேன். அவர் மௌத்தாகும்வரை அப்படித்தான் ஆட்டினேன்.