றஸ்மியா பிடித்த நோன்பு

வஹகோட்டை ஜோசப்பினுக்கு ஒரு குணம்: ஏன், எதற்கு என்று கேட்காமல் எதையும் செய்யமாட்டாள். மனநல கிளினிக்கில் தாதியாக இருப்பவளுக்கு இந்தக் குணம் நல்ல பெயர் வாங்கித் தராது. லித்தியம் குளிசை குடிப்பவர்கள் நோன்பு பிடிக்கவே கூடாது என்பது அங்கே பழைய சட்டம். உடம்பில் தண்ணீர் குறைந்தால் அந்த மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சாகிவிடும். உண்மைதான். ஆனால் தடுத்ததால் யாரும் நோன்பை விடவில்லை, குளிசையைத்தான் விட்டார்கள். மனம் குழம்பித் திரும்பி வந்தார்கள். ஜோசப்பின் ஆய்வுகளைத் தேடிப் படித்தாள். நோய் அடங்கியிருப்பவர்கள், இரத்தம் சோதித்து, இரவில் நிறையத் தண்ணீர் குடித்தால் பிடிக்கலாம். வாந்தி கண்டால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்றிருந்தது. டொக்டரிடம் காட்டிச் சம்மதம் வாங்கினாள். 2008 ரமழானில் அப்படி அனுப்பிய முதல் ஆள் றஸ்மியா.

யட்டவத்தப் பக்கம் புதிதாக வாழ்க்கைப்பட்டவள் அவள். புகுந்த வீட்டில் நோயைச் சொல்லவில்லை. தெரிந்தால் தாய்வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பயம். மாதாமாதம் 'தலைவலி மருந்து' எடுக்க வருவாள். இரத்தம் கொடுக்க வேண்டிய நாளில் அவள் வரவில்லை.

மறுநாளே ஜோசப்பின் பஸ் ஏறினாள். யுத்த காலம்; சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் அவளை மட்டும் ஓரமாக நிறுத்தினார்கள். பஸ் போய்விட்டது. அந்தோனியாரே, அந்தப் பிள்ளைக்கு ஏதும் ஆனால் அனுமதி கொடுத்தது நான்தானே என்று வெயிலில் நின்று துடித்தாள். விட்டதும் ஓட்டோ பிடித்தாள்.

வாசலில் தாதிச் சீருடையைக் கண்ட மாமியார் நூருன்னிஸாவுக்கு வாயெல்லாம் பல்.

"நல்ல நேரத்துல வந்தீங்க மிஸ்ஸி! மருமகளுக்கு நேத்துல இருந்து வாந்தி. மாஷா அல்லாஹ், விசேஷம்தான்!"

"நோம்ப விட்டுட்டாங்களா?"

"ஏன் விடணும்? தானா வர்ற வாந்தி நோம்ப முறிக்காதே. நானும் வயித்துல வச்சுக்கிட்டு முப்பதும் புடிச்சவதான்."

உள்ளே றஸ்மியாவின் விரல்கள் நடுங்கின. நாக்குத் தடித்திருந்தது. மருந்து இரத்தத்தில் ஏறிவிட்டது. "சொல்லிராதீங்க மிஸ்ஸி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தியமா நான் சொல்லமாட்டேன். ஆனா இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும் மகள். டொக்டர் சொல்ற வரைக்கும் அந்தக் குளிசையைத் தொடக்கூடாது."

"புள்ளத்தாச்சிய ஓட்டோவுல குலுக்கிக்கிட்டுப் போறதா?" என்று கதவை மறித்தாள் நூருன்னிஸா. "நான் விடமாட்டேன்!"

சொன்னால் வாழ்க்கை போகும், சொல்லாவிட்டால் உயிரே போகும். ஜோசப்பின் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். றஸ்மியாதான் வாய் திறந்தாள்.

"புள்ள இல்ல மாமி, எனக்கு நாள் தள்ளல்ல. எனக்கு மனசுல வருத்தம், நோய். அதுக்குக் குடிக்கிற குளிசைதான் இப்புடிச் செய்யுது."

நூருன்னிஸா மருமகளைப் பார்க்கவில்லை, ஜோசப்பினைப் பார்த்தாள்.

"அப்ப வயித்துல ஒண்ணுமே இல்லியா?"

"இல்லைங்க."

நூருன்னிஸா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து மருமகளின் தோளைத் தாங்கி ஓட்டோவில் ஏற்றினாள்.

சேலைன் ஏறி, நடுக்கம் மெல்ல அடங்கியது. கண்டம் தாண்டிவிட்டது என்றார் டொக்டர். இரத்தத்தைச் சோதித்த நான், வாந்தி வந்தால் நோன்பை நிறுத்தச் சொல்ல வீட்டில் யாருக்கு நோய் தெரியும் என்று கேட்கவில்லையே என்று ஜோசப்பின் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் பகலில், பிள்ளை என்ற சந்தோஷச் செய்தி கேட்டு ஊர்ப் பெண்கள் வார்டுக்கே வந்துவிட்டார்கள். நூருன்னிஸா கட்டிலோரம் நின்று மருமகளுக்குத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தாள்.

"நோம்பு நேரத்துல தண்ணியா? அப்புடி என்ன வருத்தம்?" என்றாள் ஒருத்தி.

நூருன்னிஸா கோப்பையை இறக்கவில்லை.

"அது அல்லாஹ்வுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஒங்களுக்கு என்னத்துக்கு?"